கானாவிலக்குக்கு எழுதிட்டாங்க

டாக்டர் ஜெபமலர் பேனாவை மூடும் சத்தம் கேட்டால்
வண்டியைத் திருப்பி நிறுத்திவிடுவேன்.
மன்னவனூரிலிருந்து கானாவிலக்கு
பனியில்லாவிட்டால் நாலு மணி நேரம்.

ட்ரிப் ஷீட்டில், கிலோமீட்டர் கட்டத்துக்கு வெளியே
பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போடுவேன்,
ஒன்றுமில்லை போ என்று கீழே சொல்லிவிட
பஸ் பிடித்து மலையேறி வந்தவர்களுக்கு.
தையிலிருந்து ஆடி வரை
நாற்பத்தொன்றில் முப்பத்திரண்டு வட்டம்.

பூம்பாறைக் குழந்தைவேலுக்கு
நெஞ்சில் அம்மிக்கல் வைத்த மாதிரி இருந்தது.
வடுகபட்டியில் அவர் பூண்டு விலைபோகிற நாள் அது.
"வளைவுக்கு வளைவு இப்படி அலறவிடுறியே,
நெஞ்சுவலி இல்லாதவனுக்கும் வந்துடும்பா" என்றார்.
பெரியகுளம் நெருங்கும்போது
மூட்டையை ஒரு கண் பார்த்துட்டு வந்துடறேன் என்று
ஸ்ட்ரெச்சரிலிருந்து காலைத் தொங்கப்போட்டார்.
மூன்று ஈசிஜி, ஒரு ராத்திரி. கடைசியில் வாயு.
மருமகன் விற்றதில் கிலோவுக்கு நாற்பது ரூபாய் நட்டம்.
திரும்பி வந்து டாக்டர் மேசையில்
ஒரு கட்டுப் பூண்டை வைத்தார்:
"வாயுவுக்கு நல்லதும்மா. நீங்களே வச்சுக்குங்க."

சுவரில் அவர் ஒட்டிய காகிதம் வேறு.
கருவாடு, ஊறுகாய், பீடி,
விடியற்காலைக் குளிர், கால் வீக்கம், தனியாகக் காட்டுக்குப் போவது.
கேரட் கழுவுகிற பெண்கள் படித்துவிட்டுச் சொன்னார்கள்,
மிச்சம் இருக்கிறது மூச்சுதான்,
அதையும் மெதுவா விடணுமாம்.
நானும் சிரித்தேன்.

கவுஞ்சி மருமகளுக்குக் கால்தானே வீங்கியிருக்கு என்று
மாமியார் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டாள்.
தேவதானப்பட்டி தாண்டும்போது
அந்தப் பெண்ணுக்கு வெட்டி வெட்டி இழுத்தது.
பையன் இப்போது என் வண்டியைப் பார்த்தால்
டாட்டா காட்டுகிறான்.

சவரியம்மாளுக்கு எழுபத்தாறு.
அவள் வேண்டாம் என்றாள். மகன் வேண்டாம் என்றான்.
பேனா மூடியது.
டம்டம் பாறைக்குச் சற்று மேலே
ஜன்னலைத் திற தம்பி என்றாள்.
திறக்காத கண்ணாடி அது.
அவள் உள்ளங்கை வைத்த இடத்தில்
ஆவி கொஞ்ச நேரம் இருந்தது.

இதற்கு என்ன குறி போடுவது?
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
காமக்காபட்டி செக்போஸ்டில் கால்மணி நேரம்
சும்மா நின்றிருந்தேன்.

ஒருநாள் ஷீட்டை அவர் முன்னால் வைத்தேன்.
கத்துவார் என்று நினைத்தேன்.
வட்டங்களை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.
"போன ஐப்பசியில ஒருத்தரை
ஓமத்தண்ணி குடிங்கன்னு வீட்டுக்கு அனுப்பினேன்" என்றார்.
மேலே சொல்லவில்லை.
எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.
மேல்மலையில் இருப்பதே பத்துப் பதினைந்து ஊர்.

இன்று விடியலில் டயர் மாற்றும்போது
இடது தோள் லேசாகப் பிடித்தது.
வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.
சொல்லித் தொலைத்தேன்.

முதல்முறையாக என் வண்டியை
மல்லாந்து பார்க்கிறேன்.
கூரையில் ஒரு ஸ்க்ரூவைக் காணோம்.
மாஸ்க்கில் யாரோ பூசியிருந்த தைல வாசனை.
இது வாயுதான், எனக்குத் தெரியும்,
ராத்திரி மொச்சைக் குழம்பு.
முப்பத்துமூன்றாவது வட்டத்துக்கு
நானே வந்து சேர்ந்தேன்.

புதுப்பையன் பாண்டிமுனி ஓட்டுகிறான்.
பெருமாள்மலை தாண்டி முதல் வளைவு.
சத்தமே இல்லாமல் திரும்புகிறான்.
மாஸ்க்கைக் கழற்றிவிட்டு எழுந்து உட்காருகிறேன்.

"ஹாரன் அடிடா."
"எதிர்ல யாருமே இல்லையேண்ணே."
"அடிடா."