இது உங்க கையெழுத்தா

நவம்பர் பிறந்தால் நாங்கள்
உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும்.
அவனியாபுரம் கிளை. டோக்கன் முப்பத்தேழு.
எனக்கு முன்னால் ராடார் காஜா மைதீன்,
டகோட்டாவில் ஒயர்லெஸ் பார்த்த சவரிராஜ்.
பின்னால் துளசிராம்,
பதினேழு வருசம் மெஸ்ஸில் சப்பாத்தி உருட்டியவர்,
தூக்கத்தில் இன்னும் இந்தியில் திட்டுகிறவர்.

வில்லாபுரம் ஆட்டோக்காரர்களுக்கு
என் வீடு 'பைலட் வீடு'.
நாற்பது வருசமாக நான் திருத்தவில்லை.
நான் பறந்ததே இல்லை.
ரயிலில் போனேன், ரயிலில் வந்தேன்.
நடுவில் பதினைந்து வருசம்
அடுத்தவர் பறப்பதற்காக
இறக்கைக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன்.

"கட்டைவிரலை வைங்க சார்."
சிவப்பு விளக்கு.
"தொடைச்சிட்டு வைங்க."
வேட்டியில் துடைத்து வைத்தேன். சிவப்பு.
பத்து விரலும் பார்த்தாயிற்று.
ஹைட்ராலிக் எண்ணெயும் லாக்கிங் கம்பியும்
தின்றது போக
ரேகையென்று பெரிதாக மிச்சமில்லை.
"கொத்தனாரா இருந்தீங்களா சார்?"
துளசிராம் சிரித்த சிரிப்பில்
செக்யூரிட்டி உள்ளே எட்டிப் பார்த்தான்.

பழைய அட்டையை எடுத்தாள் அந்தப் பெண்.
புதிய தாளைப் பக்கத்தில் வைத்தாள்.
அன்றைக்குப் படமெடுத்து நின்ற எஸ்
இன்றைக்கு மழைக்கு வெளியே வந்த மண்புழு.
"இது உங்க கையெழுத்தா?"

எழுபத்தாறு பிப்ரவரி, தேஜ்பூர்.
கரியடுப்பு புகையும் அறை,
மேசைமேல் ஃபார்ம் எழுநூறு.
காலை ஆறு பத்து,
'பறக்கத் தகுதி' என்ற கட்டத்தில் என் எஸ்.
அதற்குக் கீழே
ஃப்ளையிங் ஆபீசர் கோஷல்,
அவசரமாக, கடைசி எழுத்து வால் நீண்டு.
என் பேனாவில்தான் போட்டான்,
திருப்பித் தரவில்லை.
அன்றைக்கு அவனை சார் என்றேன்.
இப்போது என் பேரன் வயசு.
ஏணியில் நின்று கேட்டான்,
"உங்க மதுரையில இப்பவும் வெயிலா?"
"நல்ல வெயில் சார்."
கண்ணாடி மூடிக்கொண்டது.

மூன்று அதிகாரிகள்
தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தார்கள்.
இது உன் கையெழுத்தா?
ஆமாம் சார்.
நாலு நாள். நாலு நாளும் ஆமாம் சார்.
பிறகு எஞ்சினுக்குள் இறகு கிடைத்தது.
பறவை என்று எழுதி மூடினார்கள்.
சம்பளம் வந்தது. லீவும் வந்தது.
ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

ஆனாலும் ஒரு பின்,
மூக்குத்தித் திருகாணி அளவுதான் இருக்கும்,
அதை வளைத்தேனா இல்லையா என்று
ராத்திரி மூன்று மணிக்கு
போர்வையின் ஓரத்தை
விரல் தானாக வளைத்துப் பார்க்கிறது.

"சார்?"
"ஆமாம்மா. என்னுதுதான்."
"ஒத்துப்போகலையே."
காஜா மைதீன் கண்ணாடி ஓட்டைக்குள் தலையை நுழைத்தார்.
"இவன் இருக்காம்மா. நான் எழுதித் தர்றேன்.
எங்க போடணும்?"
சவரிராஜும் பேனாவின் மூடியைக் கழற்றினார்.
துளசிராம் இந்தியில் சாட்சி சொன்னார்.
கடைசியில் ஒரு செல்போன்
என்னைக் கண் சிமிட்டச் சொன்னது.
சிமிட்டினேன். பச்சை.
அடுத்த நவம்பர் வரை இருக்கிறேன்.

அப்புறம் வழக்கம்போல
பெருங்குடிக் கண்மாய்க் கரை.
நாலு டீ, ஒன்று சீனி இல்லாமல்.
திருப்பரங்குன்றத்துப் பக்கமிருந்து
சாயங்கால பம்பாய் விமானம் தாழ்கிறது.
காஜா தூரம் சொல்கிறார்.
சவரிராஜ் சத்தத்தை வைத்தே
இடது எஞ்சினுக்குச் சளி என்கிறார்.
பந்தயம் ஒரு உளுந்தவடை.

நான் விமானத்தைப் பார்ப்பதில்லை.
தண்ணீருக்கு மேலே கொக்குகள் எழுகின்றன.
ஒன்பது. பதினொன்று. தனியாக ஒன்று,
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல்.
சக்கரம் தரையில் தேய்கிற சத்தம் வரும்வரை
எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

"டீ ஆறுதுடா பைலட்"
என்கிறார் காஜா.