உள்ளங்கைக் கணக்கு

உள்ளங்கை அரித்தால் பணம் வரும் என்றார்கள்,
மோல்மேன் உளுந்து மண்டியில்
கணக்கு எழுதும் என்னிடம்.
ஒன்பது மாதம் அரித்தது.
இரண்டு கை, இரண்டு கால்.
சல்லிக் காசு வரவில்லை.

பதினொரு மணிக்குக் கரண்ட் போகும்.
அது அப்போதுதான் கண் விழிக்கும்.
தோலில் தடிப்பில்லை, பருவில்லை,
உள்ளே ஊர்கிற எறும்புக்கு
வெளியே வர வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.
சீப்பால் சொறிந்தேன்.
பாத்திரம் தேய்க்கும் நாரால் சொறிந்தேன்.
நடுச்சாமத்தில் தனக்காக் கட்டையை உரசி
கழுத்திலிருந்து கணுக்கால்வரை அப்பிக்கொண்டு
சிமெண்டுத் தரையில் கிடந்தேன்.
காய்ந்து வெடிக்கும்வரை நிம்மதி,
பத்து நிமிடம் இருக்கும்.
வலி என்றால் துணைக்கு அழ ஆள் வரும்.
அரிப்புக்கு யார் வருவார்கள்?

ஈரலுக்குள் பித்த வாய்க்கால் தூர்ந்துபோகிறதாம்.
முதலில் பொடி கொடுத்தார்கள்,
பாங்காக்கிலிருந்து யார் பெட்டியிலோ வந்தது.
ஆற்று மணலைச் சாத்துக்குடிச் சாற்றில் கரைத்த மாதிரி.
மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும்
நான்கு மணி நேரம் இடைவெளி,
ஆகாத சம்பந்திகளை
வேறு வேறு பந்தியில் உட்கார வைப்பதுபோல.
வயிறு மூன்று நாள் இறுகிக் கிடந்தது.
அரிப்பு நகரவில்லை, வயிறும் நகரவில்லை.

அப்புறம் அந்தச் சிவப்பு கேப்சூல்.
"முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்" என்றார் டாக்டர் டோ கின் ஏ.
"சிறுநீர் சிவக்கும், வியர்வை சிவக்கும், கண்ணீரும்.
அதற்குப் பயப்பட வேண்டாம்.
பயம் வேறு இடத்தில் இருக்கிறது.
ஈரல் நோயாளிக்குத் தருகிறேன்,
இது ஈரலையே கடிக்கக்கூடும்.
இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுங்கள்.
பசி செத்தால், குமட்டினால், கண் மஞ்சளித்தால்
அன்றைக்கே நிறுத்திவிட்டு அன்றைக்கே வாருங்கள்.
உங்கள் பிரஷர் மாத்திரையின் பலத்தையும் இது தின்னும்."
பர்மியத்தில் சொன்னார்.
பேரேட்டின் பின்னட்டையில் தமிழில் குறித்துக்கொண்டேன்.

சொன்னபடியே சிவந்தது,
தேக்கிலை கசக்கிய கை போல.
வெள்ளை ரவிக்கையின் அக்குளில்
துவைத்தும் போகாத இரண்டு அந்தி.

ஆறாம் நாள் தூங்கினேன்.

எடைக்காரர் சோ லின் குப்பையில் காலி அட்டையைப் பார்த்துவிட்டார்.
அவர் தம்பி காசநோய்க்கு ஆறு மாதம் விழுங்கியது.
மறுநாள் என் டீ கிளாஸ் தனியாகக் கவிழ்ந்திருந்தது,
விளிம்பில் நீல நூல் கட்டி.
ஒரு இருமல்கூட இருமியதில்லை நான்.
பித்தம், வாய்க்கால் என்று ஆரம்பித்தேன்.
அவர் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டே கேட்டார்.

எட்டாம் வாரம் ரிப்போர்ட்.
நாற்பதுக்குள் நிற்க வேண்டிய எண்
இருநூற்றுப் பன்னிரண்டு.
நூறு பக்கப் பேரேட்டில் ஒரு பியா பிசகினாலும் பிடிப்பவள்,
மூன்று தடவை சரிபார்த்தேன்.
கூட்டவோ கழிக்கவோ எதுவுமில்லை,
ஒரே ஒரு எண்.

"பாதியாகக் குறைக்கலாமா?"
"இல்லை."
"ஒன்றுவிட்டு ஒரு நாள்?"
மண்டித் தரகர்போல நான் பேரம் பேசியதை
டாக்டர் பேனாவைத் திருகியபடி கேட்டார்.
"இல்லையம்மா. வேறு மருந்து இருக்கிறது,
அதற்கும் ஒரு பட்டியல் இருக்கிறது.
இந்த எண் இறங்கட்டும், பேசுவோம்."

வீட்டில் ஏழு கேப்சூல் மிச்சம்.
சவரிராயனிடம் கொடுத்தேன்.
"தூக்கி எறியுங்கள், இல்லை ஒளித்து வையுங்கள்,
என்னிடம் சொல்லாதீர்கள்."
தண்ணீர் நிறத்துக்குத் திரும்பிவிட்டது சிறுநீர்.
மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது.
நான்காம் ராத்திரி அவரை உலுக்கி எழுப்பி
"எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்டேன்.
கேட்டேனா, கத்தினேனா.

அவர் சொல்லவில்லை.
இருட்டில் தடவிப் போய்
கல்லில் தண்ணீர் தெளிக்கிற சத்தம்.
கட்டை உரசத் தொடங்கியது.