விக்ரோளி தாண்டி, 6:55

பைகுல்லாவுக்கும் முலுண்டுக்கும் நடுவே
இருபத்தேழு கிலோமீட்டர்.
6:25க்கு அவன் அங்கே ஏறுகிறான்,
ராத்திரி முழுக்க பாவ் சுட்ட கையோடு.
6:40க்கு நான் இங்கே ஏறுகிறேன்;
பரேல் லேபில் ஏழரைக்கு
முதல் ஆளுக்கு ரத்தம் எடுக்கணும்.
ரெண்டும் ஸ்லோ வண்டி. நின்று நின்று போனாலும்
மணிக்கு முப்பத்தாறு என்று வைத்துக்கொண்டால்
எங்கே, எத்தனை மணிக்கு?

பத்தொன்பது நாளாகப் பேச்சில்லை.
அவன் அண்ணனுக்குக் கொடுத்த நாற்பதாயிரம்
எங்களுக்கு நடுவில் தட்டு வைத்துச் சாப்பிடுகிறது.
ஃபிரிட்ஜில் ஒட்டிய சீட்டில் மட்டும் குடும்பம் நடக்கிறது:
பால் 2. வாடகை கொடுத்தாச்சு. மோட்டார் போடாதே,
கீழ் வீட்டுக்காரி கத்துகிறாள்.
அதன் அடியில்
ஒன்பதாம் வகுப்பில் கணக்குக்கு முப்பத்தொன்று வாங்கிய நான்
ஒரு புதன்கிழமை எழுதினேன்:

36x + 36(x + 15) = 27

பதினைந்து முன்னால் கிளம்பியவன், அதனால் கூட்டல்.
அடைப்பைப் பிரித்தேன்.
ஐந்நூற்று நாற்பதை அந்தப் பக்கம் அனுப்பினேன்,
வாசல் தாண்டியதுமே முகம் மாறிவிட்டது அதற்கு.
எழுபத்திரண்டால் வகுத்தால்
கழித்தல் ஏழே அரைக்கால் மணி நேரம்.

அதாவது, நாங்கள் ஏற்கனவே சந்தித்துவிட்டோம்.
நேற்று ராத்திரி பதினொன்று முப்பத்திரண்டுக்கு.
அப்போது அவன் முழங்கை வரை மைதாவில்.
நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.
எந்தத் தண்டவாளத்தில் என்று
கணக்கு சொல்லவில்லை.

மறுநாள் சிவப்பு மையில்:
"பதினைந்து நிமிஷம். மணி இல்லை. கால் போடு."
பத்தொன்பது, இல்லை, இருபது நாளில்
அவன் எனக்கு எழுதியதில் இதுதான் நீளம்.

கால் போட்டேன்.
72x + 9 = 27.
x கால் மணி. 6:55. என்னிடமிருந்து ஒன்பது கிலோமீட்டர்,
விக்ரோளி தாண்டி, நீளமான தொழிற்சாலை மதில் ஓரம்.
எதிர் வண்டி எப்போதும் வலப்பக்கம் வரும்;
அதையும் சீட்டில் குறித்துவைத்தேன்.

வெள்ளிக்கிழமை. லேடீஸ் டப்பா, வலக்கதவு,
நாலு முழங்கைக்கு நடுவே என் மூக்கு.
கொஞ்சம் ஓசை, கொஞ்சம் காற்று, ஒரு வெள்ளைத் தலை.
மாவு என்று புரிவதற்குள்
கிழவனாகி வீட்டுக்குப் போய்விட்டான் சேர்மராஜ்.

சனிக்கிழமை என் வண்டி மூணு நிமிஷம் தாமதம்.
கணக்கில் அதற்கும் இடமிருந்தது,
எனக்குத்தான் பென்சில் இல்லை.

திங்கட்கிழமை சிக்னல் கோளாறு.
மதிலோரம் ரெண்டு வண்டியும் நின்றுவிட்டன.
ரெண்டு கதவு தள்ளி அவன்,
மடியில் பாவ் பொட்டலம் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு.

வேகம் பூஜ்யம். இந்தப் பக்கம் பூஜ்யம், அந்தப் பக்கம் பூஜ்யம்.
x என்னவாகவும் இருக்கலாம்,
நாலு நிமிஷம், நாற்பது வருஷம்,
எல்லாம் சரியான விடை.

டப்பாவே எட்டிப் பார்த்தது.
"சிலிண்டர் புக் பண்ணியா?" என்றான்.
"ஆச்சு."
"அண்ணன் பத்து அனுப்பியிருக்கான்."
"மீதி?"

விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான், முப்பதுக்கு.
அதற்குள் அவன் வண்டி நகர்ந்தது.
அவனுடையதா, என்னுடையதா,
மதிலைப் பார்த்தால்தான் தெரியும்.
நான் மதிலைப் பார்க்கவில்லை.