எட்டு எழுத்து

எழுத்துக்கு நாற்பது ராண்ட்.
கமாண்டோ, இவர்கள் மொழியில் எட்டு எழுத்து.
'காவல் நிறுவனம்' தனிக் கணக்கு.
கீழே ஒரு கழுகும் வேண்டுமாம்,
அது மட்டும் இலவசமாக.

ஏணியடியில் நின்று டெர்பிளான்ஷ் சொல்கிறார்:
"சிவப்பு கொஞ்சம் கூடட்டும், ஸ்வார்ட்போய்.
பார்த்ததும் திருடனுக்கு வயிறு கலங்கணும்.
ஆயிரம் பேரில் பொறுக்கி எடுத்த ஒருவன் என்று அர்த்தம்.
முகத்தில் கரி பூசி
இருட்டில் பாராசூட்டோடு குதிப்பவன்."

முதல் எழுத்தின் முதுகை நிமிர்த்துகிறேன்.
தூரிகைக்கு அர்த்தம் தெரியாது.
எனக்குக் கொஞ்சம் தெரியும்.

இவருடைய முப்பாட்டன் கதவை
இதே சொல் தட்டியபோது
அது யாரையும் பொறுக்கவில்லை,
எல்லோரையும் கூப்பிட்டது:
சொந்தக் குதிரையில் வா,
சொந்தத் துப்பாக்கி, முப்பது தோட்டா,
எட்டு நாளைக்கு வறட்டு ரொட்டியும் உப்புக்கண்டமும்
மூட்டை கட்டிக்கொண்டு வா.
ஆட்டு மயிர் கத்தரிக்கும் மாதமென்றால்
பாதிப் பேருக்குக் காது கேட்காது.
வந்தவர்களிலும் சிலர்
மாடு கறக்க வேண்டுமென்று இரவோடு இரவாகத் திரும்புவார்கள்.
இந்தக் கூட்டத்தோடு மோதி நொந்த ஆங்கிலேயன்தான்
சொல்லை மட்டும் கப்பலேற்றிக் கொண்டுபோய்
பிறகொரு போரில்
பச்சைத் தொப்பி மாட்டினான்.

அதற்கும் முன்பு
நியூவெல்ட் மலையில், என் ஆட்களின் வாயில்,
அதற்குப் படை என்றுகூடப் பொருளில்லை.
விடியலுக்கு முன் நாய்கள் ஒடுங்குவது.
பிள்ளைகள் யாருடைய சேணத்திலோ
ஏறிப் போவது.
அதைச் சொல்ல இருந்த மொழியையும்
அந்தக் குளம்புகளே மிதித்துப் போயின.
நான் கூலி பேசுவது
இவர் மொழியில்தான்.

ஐந்தாவது எழுத்தில் சிவப்பு வழிகிறது.
துடைக்கிறேன்.

பொழுது சாயும்போது லுவாண்டிலே வருகிறான்.
இன்று முதல் நாள் வேலை,
சூப்பர் மார்க்கெட் வாசலில், விடியும்வரை.
பூட்ஸ் அவன் காசு.
சட்டைக்கு மூன்று மாதம் பிடித்தம்.
டார்ச் சொந்தம், தடி மாமனுடையது.
பழைய ஐஸ்கிரீம் டப்பாவில்
சோளக்களியும் பீன்ஸும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"குதிரை?" என்று கேட்டேன்.
விளங்காமல் பார்த்தான்.
"எதில் வந்தாய்?"
"டாக்ஸி. பதினாறு ராண்ட். அதையும் தர மாட்டார்களாம்."

பலகையை அண்ணாந்து பார்த்து
"அப்படியென்றால் என்ன?" என்றபடி
கையை நீட்டினான்.

தொடாதே என்றேன்.
இன்னும் காயவில்லை.