தடித்த பேனா

விடிகாலை நான்கு மணிக்குப்
பனிவாரி வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வந்தேன்.
டுலூத்தில் மார்ச்சும் குளிர்காலம்தான்.
காலண்டர் சொல்வதை ஏரி கேட்பதில்லை.

மேசைமேல் பிரிஜிட்டின் துண்டுச்சீட்டு:
‘ஆட்டோகிராஃப் புத்தகம் நீ செய்வதாகச் சொன்னாய்.
விமானம் வெள்ளிக்கிழமை.’

கடையில் பதினெட்டு டாலர்.
மேலே மினுக்கல், உள்ளே வெங்காயத் தோல் தாள்,
இந்தப் பக்கம் எழுதினால்
அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கும்.
நான் கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டிகள் இரண்டை வெட்டினேன்.
லின்னியாவின் ஓவியத்தாள், இருபத்திரண்டு.
துளைபோட ஆணி, சுத்தியல்.
மூன்றாவது அடியில்தான்
வீடு தூங்குவது நினைவுக்கு வந்தது.
பிறகு கையாலேயே
திருகித் திருகி, ஒவ்வொரு தாளாக.

கோக்க வளையம் இல்லை.
குளியலறைத் திரையிலிருந்து மூன்றைக் கழற்றினேன்.
திரை இன்னும் ஒருபக்கம் தொங்கிக்கொண்டிருக்கிறது,
யாரும் கேட்கவில்லை.

மிச்சமிருந்தது பேனா.
அந்தப் பூங்காவின் நீர்நாய்க்கு நான்கே விரல்,
ஒவ்வொன்றும் வாழைப்பழப் பருமன்.
முள்ளம்பன்றி அரசிக்குக் கையே ஒரு தலையணை.
மெல்லிய பேனாவைக் கொடுத்தால்
பாவம், கீழே போட்டுவிட்டுக்
குனியவும் முடியாமல் நிற்பார்கள்.
வேலைக் கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டு
வீட்டிலிருந்த பேனாக்களையெல்லாம்
முதல் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.
என் பெயர்தான் எழுதினேன்.
மழைவிட்ட மறுநாள் மண்புழு போன தடம்.
கையெழுத்து நன்றாயிருந்தால்
தலையெழுத்து சரியிருக்காது என்பார்கள்;
அந்தக் கணக்கில் நான் கோடீஸ்வரன்.
தடித்த கறுப்பு மார்க்கர் வென்றது.
அந்தப் பக்கத்தைக் கிழிக்க நினைத்தேன்,
நினைத்தபடியே தூங்கிப்போனேன்.

ஃப்ளோரிடா.
எங்கள் நான்கு பேரின் முழங்கால்களும்
ஆறு மாதம் வெயில் காணாத நிறம்.
வரிசை கயிற்றுக்குள் மடிந்து மடிந்து போகிறது.
சோரன் என் தோளில் எச்சில் ஒழுகத் தூங்குகிறான்.
லின்னியாவைக் கழிவறைக்குக் கூட்டிப்போன பிரிஜிட்
புத்தகத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

சும்மா புரட்டினேன்.
ஒவ்வொரு கையெழுத்தின் கீழும் பென்சிலில், ஏழு வயது எழுத்தில்:

‘நீர்நாய். படகருகே. 9.40. ஈரமில்லை.’

‘முள்ளம்பன்றி அரசி. அவசரத்தில் இருந்தாள்.
குத்தவில்லை.’

‘மறுபடி நீர்நாய். ஆனால் இது வேறு நீர்நாய்.
கடைசி எழுத்தின் வால் இடப்பக்கம் வளைகிறது.
யாரிடமும் சொல்லவில்லை.’

பின்னாலிருந்து முன்னால் புரட்டிக்கொண்டே வந்து
முதல் பக்கம்.
மண்புழுத் தடம்.
அதன் கீழே:

‘பெயர் படிக்க முடியவில்லை. பெரியது.
எங்கள் சமையலறையில், இரவில் மட்டும்.
பூட்ஸைக் கழற்றாமல் மேசையில் தூங்கும்.’

முன்னால் இருந்தவர் இரண்டடி நகர்ந்துவிட்டார்.
நான் நகரவில்லை.

‘அப்பா, வரிசை போகுது!’
கை ஈரத்தை என் சட்டையில் துடைத்துக்கொண்டு
புத்தகத்தைப் பிடுங்கினாள்.

எங்கள் முறை. நரி.
நீலக் கோட்டு, தலைக்குமேல் தலை.
லின்னியா மார்க்கரை
மூடி திறந்து நீட்டினாள், காம்பைத் திருப்பி,
கத்திரிக்கோல் கொடுப்பதுபோல.
நரி வாங்கியது. ஒருமுறை வழுக்கியது,
பிடித்துக்கொண்டது.
கையுறைக்கும் ரோமத்துக்கும் நடுவே
ஒரு விரற்கடை மனிதத் தோல்,
வியர்வை,
வாட்ச் கட்டின வெள்ளைத் தடம்.

அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
வால் எந்தப் பக்கம் வளைகிறதென்று.
நான் மணிக்கட்டைப் பார்த்தேன்.
ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடியும்
என்று கேட்க வாயெடுத்தேன்.
நரிகள் பேசாதென்று பலகை இருந்தது.
தலையை மட்டும் அசைத்தேன்.
பெரிய தலை
மெதுவாக, இரண்டு முறை,
திருப்பி அசைந்தது.