புதுப் பட்டர்

புதுப் பட்டர் வாங்கியிருக்கிறேன் என்றதும்
ஃப்ரிட்ஜில் வைங்க என்றாள் கோதாவரி,
கூலிக் கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்காமல்.
நீளப் பெட்டியைப் பார்த்த பிறகு
விலையை மட்டும் கேட்டாள்.
பாதி சொன்னேன்.
பாதிக்கே அவள் பேனா நின்றுவிட்டது.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
கொலுசு நிறுக்கும் தராசில் ஏற்றினேன்.
ஐந்நூற்று அறுபத்திரண்டு கிராம்.
பழையதைவிட முப்பத்தொன்று கூடுதல்.
முப்பத்தொரு கிராமில்
ஒரு பாப்பாவுக்கு ஜோடி முடித்துவிடலாம்.

ஞாயிறு விடியலில்
அஸ்தம்பட்டி தாண்டி
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
பின்சீட்டில் படுத்து வந்தது அது,
சீட் பெல்ட் போட்டுக்கொண்டு.

மேலே ஜெரால்டு எஸ்டேட்டில்
காபி பிடுங்கிய சரிவில் ஆறு குழி.
கோல்ஃப் மைதானம் என்பார் ஜெரால்டு.
பஞ்சாயத்து ரசீதில் மேய்ச்சல் நிலம்.
மூன்றாம் குழியருகே
ராத்திரி காட்டெருமை நின்று யோசித்த தடம்,
பந்து அதில் இறங்கினால் கரண்டி வேண்டும்.

முதல் தட்டு.
சத்தமே வரவில்லை.
முகத்தில் ரப்பர் பதித்திருக்கிறார்களாம்,
அதிர்வு கைக்கு ஏறாதாம்.
பந்து குழியை எட்டிப் பார்த்துவிட்டு
மிளகுக்கொடி வரை போனது.
அடுத்தது பாதி வழியில் உட்கார்ந்தது,
கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி.

நாற்பத்தொன்று.
அடுத்த ஞாயிறும் நாற்பத்தொன்று.
அதற்கடுத்த வாரம் மழை.
மழையிலும் நாற்பத்தொன்று.

இடக்கையைக் கீழே கொண்டுவந்தேன்.
மூச்சைப் பிடித்தேன், விட்டேன்.
ராத்திரி கூடத்தில்
எவர்சில்வர் டம்ளரைப் படுக்கவைத்து
பாய் விளிம்பிலிருந்து தட்டியதில்
இருபதுக்குப் பதினெட்டு விழுந்தது.
ஏற்காட்டில் டம்ளர் இல்லை, அதுதான் குறை.

புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும்,
அப்புறம் பழகிடும் என்கிறார் ஜெரால்டு.
கடித்தாலாவது தேவலாம்.
இது ஒன்றுமே செய்வதில்லை.

புல் வெட்டும் தீர்த்தன்
கொடிக்கம்பைப் பிடித்தபடி கேட்டான்:
"ண்ணா, கியாரண்டி கார்டு குடுத்தாங்களா?"

என் காது கெட்டுப்போன காது.
முப்பது வருஷமாய்க் கண்ணை மூடிக் குலுக்கி
எந்த முத்து ஊமை என்று
கேட்டுக் கேட்டே சம்பாதித்தது.
பழைய பட்டருக்குப் பித்தளைத் தலை,
நெற்றியில் நசுங்கல்.
தட்டினால் டிங் என்று ஒரு சொல்.
அந்தச் சொல்லிலேயே தெரிந்துவிடும்
பந்து தவறப்போகிறதென்று.
புதியதில்
பந்து நின்ற பிறகுதான் தெரிகிறது.

கண்டுபிடித்துவிட்ட குஷியில்
பரணிலிருந்து பழையதை இறக்கி
துண்டில் சுற்றி எடுத்துப்போனேன்.
டிங்.
டிங்.
மூன்றாவது இன்னும் நன்றாக, டிங்.
நாற்பத்தொன்று.

அன்றிலிருந்து பையில் இரண்டும் இருக்கின்றன.
எதை எடுப்பது என்று
ஒவ்வொரு குழியிலும் நிற்பதில்
ஆட்டம் அரைமணி நீண்டிருக்கிறது.

இன்றைக்குக் காபி பூத்திருக்கிறது.
புதன்கிழமை பெய்த ஒரே மழைக்கு
சரிவு முழுக்க வெள்ளை,
மல்லிகைக்கடை கவிழ்ந்த வாசனை.
ஆறாம் குழியில் புதியதால் தட்டினேன்.
பந்து மெதுவாக, மிக மரியாதையாக
குழியைச் சுற்றிக்கொண்டு இறங்கி
செடிகளுக்கடியில் போய்விட்டது.
உதிர்ந்த வெள்ளையில் வெள்ளையைத் தேடி
நானும் ஜெரால்டும் தீர்த்தனும்
முழங்காலில்.
விதிப் புத்தகத்தில் இதற்கு வழியிருக்கும்.
ஜெரால்டின் பிரதியைக் கரையான் தின்றுவிட்டது.

ஆறாம் குழியில் மட்டும்தான் செல்போன் எடுக்கும்.
"எவ்வளவு?" என்றாள் கோதாவரி.
"நாற்பத்தொன்று" என்றேன், பூவைத் துழாவிக்கொண்டே.
அந்தப் பக்கம் சத்தமில்லை.
ரப்பர் பதித்த மாதிரி.
"ஆயிரமா?"

"இல்லயில்ல" என்றேன் அவசரமாக,
"முப்பத்தெட்டுதான்."