மணிக்கு ஆறு

வேலிக் கம்பங்களை
எண்ணூறு வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன்.
மீட்டரில் ஆறு.
இறக்கத்திலும் ஆறு.
மிதித்தால்தான் இறங்கவே முடியும் என்று
ரொசாரியோவில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.
பனிமூடிய மலை
காலையில் இருந்த இடத்திலேயே இருந்தது,
மாலையிலும்.

முன்னால் அயெலென்.
அவள் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி நான்,
அவள் முதுகின் நிழலில் மூச்சு வாங்கிக்கொண்டு.
ஐநூறு மிதிக்கு ஒருமுறை இடம் மாறுவது ஏற்பாடு.
அவள் ஐநூற்றைம்பது வரை போவாள்.
நான் நானூற்றெழுபதில் ஒதுங்குவேன்.
இருவருக்கும் தெரியும்.
பதினோரு நாளாகப் பேசவில்லை இதைப் பற்றி.

பேசினாலும் கேட்காது.
"தண்ணீர்" என்று அவள் கத்தினால்
"ண்" மட்டும் என்னிடம் வரும்.
மிச்சத்தைக் காற்று
அட்லாண்டிக்கில் கொண்டுபோய்க் கொட்டும்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்.
நெல் இல்லை, முறம் இல்லை,
ஆளுக்கொரு வாய் இருந்தது.
நேற்று மதியம் டின் சூரைமீனை மண்ணோடு மென்றபடி
தூற்றினோம்:
உன் கூடாரம் கனம், உன் முழங்கால், உன் அம்மா,
மேற்கு நோக்கிப் போகலாம் என்ற உன் மேதாவித்தனம்.
வரைபடத்தை அவள் பிடுங்க, அது பறந்தது.
துரத்தினேன்.
காற்று முதுகில் ஏறிக்கொண்டதும்
நான் எவ்வளவு வேகமாக ஓடக்கூடியவன் என்று
அன்றுதான் தெரிந்தது.
வரைபடம் கிடைக்கவில்லை.
திரும்பி நடக்க இருபது நிமிடம்.

இரவு, சாலைக்கு அடியில் மதகுக் குழாய்.
முன்பு படுத்தவர்கள் சுவரில் எழுதியிருந்தார்கள்:
பெயர், தேதி, கெட்ட வார்த்தை.
மூலையில் ஓர் ஆட்டு மண்டையோடு.
உள்ளே சத்தமே இல்லை.
இப்போது பேசலாம் என்பதால்
எதையும் பேச முடியவில்லை.

விடியுமுன் நான்கு மணிக்குக் கிளம்பினோம்,
காற்று ஒன்பது வரை தூங்கும் என்று நம்பி.
ஆறரைக்கே எழுந்துவிட்டது.
சாலைப்பணி லாரி ஒன்று நின்றது.
மாத்தே குழலை வாயிலிருந்து எடுக்காமல்
கின்தானா சொன்னார்:
எழுபது கிலோமீட்டர். சிமெண்டு மூட்டைக்குப் பக்கத்தில் இடமிருக்கு.
என் கை ஏற்கனவே பைகளைக் கழற்றிக்கொண்டிருந்தது.
அயெலென் கோபப்படவில்லை.
"நீ போ" என்றாள்.
அந்த இரண்டு எழுத்தும் முழுசாக வந்து சேர்ந்தன.

லாரிக்குள் காற்று இல்லை.
கண்ணாடிக்கு வெளியே புல் படுத்துக் கிடந்தது,
யாருக்கோ நடப்பதுபோல.
ரேடியோ வாசித்தது:
மேல்பண்ணை போர்க்கெஸ் அம்மாளுக்கு,
மகனுக்கு அறுவை நல்லபடி முடிந்தது,
வியாழக்கிழமை வாசல்வரை குதிரை அனுப்பவும்.
போன் எட்டாத வீடுகளுக்கு
இப்படித்தான் சொல்லி அனுப்புகிறார்கள்,
ஒரு எழுத்தும் சிந்தாமல்.

பெட்ரோல் பங்க் பின்னால் இரண்டு நாள் இருந்தேன்.
நன்றாகச் சாப்பிட்டேன். அதையும் சொல்லவேண்டும்.
இரண்டாம் நாள் அந்த நிலையத்துக்குப் போன் செய்தேன்.
எழுதிக்கொண்ட பெண் இருமுறை கேட்டாள்,
இவ்வளவுதானா என்று:
சைக்கிளில் வரும் அயெலெனுக்கு,
நான் நானூற்றெழுபதில்தான் ஒதுங்கினேன்.
ரொட்டி வாங்கி வைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் அவள் வந்தபோது
உதடு வெடித்திருந்தது,
ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.
சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். காற்று தள்ளிவிட்டது.
அப்படியே கிடக்க விட்டாள்.

"ஆட்டுமயிர் கத்தரிக்கிறவர்கள், ஒன்பது பேர்,
சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள்,
உன் செய்தி வந்தது.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
ஒருவன் கேட்டான்,
நானூற்றெழுபது என்ன, கடனா?
ஆமாம் என்றேன்."

கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள்.

"ரொட்டி எங்கே?"